அம்மாவின் டம்ளரைக் கிராமுக்கு மாற்றினேன்

என் தீபாவளி முறுக்கு ஒரு வருஷம் பதமாக வரும், மறுவருஷம் கல்லாகிவிடும். இத்தனைக்கும் அம்மா சொன்ன "நாலு டம்ளர் அரிசி மாவு, ஒரு டம்ளர் உளுந்து மாவு" கணக்கை நான் மீறியதே இல்லை.

கோளாறு அள்ளுவதில் இருந்தது. தஞ்சாவூரில் அம்மா மில்லில் அரைத்து, ஆறவைத்துச் சலித்த மாவைத்தான் அளப்பார். நான் சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய பாக்கெட் மாவை டம்ளராலேயே அழுத்தி அள்ளுவேன். இந்த முறை இரண்டு விதமாகவும் நிறுத்தேன். சலித்து, கரண்டியால் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 118 கிராம். அழுத்தி அள்ளினால் 146! நாலு டம்ளருக்கு 112 கிராம் அதிகம். உளுந்து மாவை மட்டும் கட்டி இருக்குமே என்று சலித்துவிடுவேன். அதனால் விகிதமே குலைந்து போனது.

முதலில் டம்ளரின் கொள்ளளவு தெரியவேண்டும். காலி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். 200 கிராம். தண்ணீருக்கு ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால் அது 200 மில்லி டம்ளர். சமையல் புத்தகங்களின் கப் 240 அல்லது 250 மில்லி, இதோடு குழப்பக்கூடாது. தண்ணீரின் எடையை மாவுக்குப் போடவும் கூடாது. நெய்கூட அதே டம்ளரில் 182 கிராம்தான்.

அரிசி மாவை ஐந்து தடவை நிறுத்துச் சராசரி எடுத்தேன். இப்போது நாலு டம்ளருக்கு 472 கிராம் என்று மாவு டப்பா மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பிசையும் தண்ணீரை மட்டும் இன்னும் கைப்பதத்துக்கே விட்டிருக்கிறேன்.