நம்ம ஊர் மெல்லிசை எஃப்எம்மின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

ராத்திரி பத்து மணிக்கு மேல் மெல்லிசை போட்ட எஃப்எம்மின் கதையை எழுத நினைத்தால், நேராக நிலையத்துக்குப் போகாதீர்கள். அங்கே தொடங்கிய தேதியும் அலைவரிசையும் கிடைக்கும், அவ்வளவுதான். எந்த நிகழ்ச்சிக்காக ஜனங்கள் தூங்காமல் காத்திருந்தார்கள் என்பது திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சோமனூர் தறிக்குடோனிலும் நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர்களிடம் வருஷத்தைக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். "ஏனுங்கண்ணா, அப்ப எங்க வேலைல இருந்தீங்க, எந்த செட்டுல கேட்டீங்க, முள்ளு எங்க நிக்கும்?" என்று கேளுங்கள். ரேடியோவில் அலைவரிசையைக் காட்டும் இந்த முள் முக்கியம், ஏனென்றால் 1966-இல் தொடங்கிய அரசின் கோவை வானொலி மத்திய அலையில் (மீடியம் வேவ்) 999, எஃப்எம்மில் 103 என்று இரண்டு இடத்தில் வரும், நினைவில் இரண்டும் கலந்துவிடும். நாட்டின் முதல் தனியார் எஃப்எம் 2001-இல் பெங்களூரில்தான் வந்தது. அதனால் தொண்ணூறுகளில் கோவையில் தனியார் எஃப்எம் கேட்டதாக யாராவது சொன்னால், அது அரசின் கோவை வானொலியாக இருக்கலாம், இல்லையென்றால் வருஷம் தவறியிருக்கலாம். கேட்டவரின் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது, மலை குறுக்கே நின்றால் மங்கிவிடும்.

அப்புறம் கேசட். இதுதான் உண்மையான புதையல், தயவுசெய்து யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன்னில் பாட்டுப் பதிந்தவர்கள் பாட்டை மட்டும் பதியவில்லை, நடுவில் அறிவிப்பாளர் பேசினதும் கடை விளம்பரமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். புதுப்பட விளம்பரம் ஒன்று கிடைத்தால் போதும், படம் வெளியான தேதியை வைத்து அந்த ஒலிபரப்பு எந்த மாதம் என்றே பிடித்துவிடலாம். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓடவிட்டால் அறுந்துபோகும், தெரிந்த மெக்கானிக்கிடம் சுத்தம் செய்த பிறகு ஓட்டுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரின் மைக் துளைக்குக் கொடுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, இரண்டு பக்கத்தையும் நிறுத்தாமல் பதியுங்கள். பாட்டு மட்டும் போதும் என்று வெட்டிவிடாதீர்கள்.

இணையத்தில் போடும்போது முழுப்பாட்டு வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும். பேச்சும் நிகழ்ச்சியின் முகப்பிசையும் உள்ள துண்டுகளைப் போடலாம், அதையும் நிலையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். கேசட் கொடுத்தவருக்கு ஒரு நகலை பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள்.