வெயில் காலத்தில் கட்டட வேலை நேரத்தை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலில் நிறுத்தி, மாலையில் மீண்டும் தொடர்வது தமிழ்நாட்டில் பல கட்டுமான இடங்களில் நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான் என்றாலும், அதைச் செய்யும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன.

முதல் தவறு, வேலை செய்யும் மணிகளை மட்டும் கூட்டிப் பார்ப்பது. காலை 6 முதல் 11 வரை, மாலை 4 முதல் 7 வரை என்று வகுத்தால் கணக்குக்கு 8 மணி நேரம்தான் வரும். ஆனால், தொழிலாளி கட்டடத்துக்கு வந்ததிலிருந்து கிளம்பும் வரை 13 மணி நேரம் ஆகிவிடுகிறது. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தையொட்டி 1998-இல் வந்த மத்திய விதிகள், இடைவேளைகளையும் சேர்த்து ஒரு நாள் வேலை 12 மணி நேரத்துக்குமேல் நீளக் கூடாது என்று வகுத்ததற்குக் காரணம் இதுவே. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய மேஸ்திரிகள் அதை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஆனால், அங்கே பெரும்பாலோர் நிறுவனத்தின் தங்குமிடத்திலிருந்து நிறுவனத்தின் பேருந்தில் வந்துபோகிறவர்கள். இங்கே இரண்டு பேருந்து மாறி வரும் சித்தாள், நடுவிலுள்ள ஐந்து மணி நேரத்தை எங்கே கழிப்பார்? நிழலும் குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் விடப்படும் இடைவேளை, கூலியில்லாத காத்திருப்பாகவே முடியும். ஆட்கள் தொலைவிலிருந்து வருகிறார்கள் என்றால், வேலையைப் பிரிக்காமல் காலை 6 முதல் பிற்பகல் 1 வரை ஒரே மூச்சில், நடுவே அரை மணி நேர ஓய்வுடன் முடித்து, முழுக் கூலியையும் கொடுத்துவிடுவதே மேல். ஒன்றரை மணி நேரம் குறைந்ததே என்று அரைச் சம்பளம் பேசினால், மறுநாள் ஆள் வராது.

அடுத்தது, கொத்தனாரிடம் மட்டும் கலந்துகொண்டு நேரத்தை முடிவு செய்வது. கலவையும் செங்கல்லும் கைக்கு வந்தால்தான் அவர் கரண்டியைத் தொட முடியும் என்பதால், அவருக்கு 6 மணி என்றால் சித்தாளுக்கு 5.30 ஆகிறது. வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வர வேண்டிய பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் மிகவும் பெரியது. சல்லியும் மணலும் ஏற்றிய லாரி எப்போது வரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.

எல்லா வேலையையும் ஒரே மாதிரிப் பிரிக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. பூச்சு, கட்டு வேலைகளைப் பிரிக்கலாம். தளக் கான்கிரீட்டை அப்படிப் பாதியில் நிறுத்த முடியாது. போட்ட பகுதி இறுகிய பிறகு புதுக் கான்கிரீட் சேர்ந்தால் இணைப்பு பலவீனப்பட்டு, பின்னாளில் அங்கேதான் நீர் கசியும். தளம் போடும் நாளுக்குத் தனி நேரமும் கூடுதல் ஆட்களும் வேண்டும்; கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டு, வழக்கத்தில் கொடுக்கும் ஒன்றரைச் சம்பளம் அதற்கு ஈடாகாது. மாலையில் தொடங்குவதானால் இரவு 10 முதல் காலை 6 வரையிலான ஒலிக் கட்டுப்பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் கலவை இயந்திரத்தை நடுவே நிறுத்த நேரிடும்.

இடைவேளைக்குச் சற்று முன்பு ஒரு மூட்டைச் சிமென்ட்டை முழுதாகக் கலப்பது இன்னொரு வழக்கம். மாலையில் வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டுக் கிளறிப் பூசுவார்கள். பார்வைக்கு இளகியதுபோல் இருந்தாலும் அதற்குப் பிடிமானம் இராது. தண்ணீர் சேர்த்த இரண்டு மணி நேரத்துக்குள் கலவை தீர்ந்துவிட வேண்டும் என்பதால், 10 மணிக்குமேல் சட்டியளவில்தான் கலக்க வேண்டும்.

நீராற்றுவதை, அதாவது பூச்சும் கான்கிரீட்டும் காயாமல் நனைத்துவைப்பதை, யாருக்கும் ஒப்படைக்காமல் விடுவது கடைசித் தவறு; கண்ணுக்கு உடனே தெரியாத தவறும் இதுவே. எல்லோரும் 11 மணிக்குக் கிளம்பிவிட்டால், காலையில் பூசிய சுவர் உச்சி வெயிலில் காய்ந்து வெடிக்கும். வறண்ட வெயில் காலத்தில் கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். தூண்களில் ஈரச் சாக்கைச் சுற்றி, தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிவிட்டால், நடுப்பகலில் காவலாளி ஒருமுறை பார்த்துக்கொள்வதே போதும். அந்த வேலைக்கும் அவருக்குத் தனியாகக் கூலி பேசிவிட வேண்டும்.