மிர்க்வுட்டுக்குத் தனியாகப் போக ஒரு சீட்டுக்கட்டு

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்ட் கேம்' 2011இல் வெளிவந்தது. ஆடுவோர் அனைவரும் ஒரே அணி. எதிர்ப்பதெல்லாம் விளையாட்டின் சொந்தச் சீட்டுகள்தான். ஆகவே தனியாகவும் ஆடலாம். வேலை முடிந்து நான்கு பேர் ஒரே இரவில் ஒரே வீட்டில் கூடுவது சிங்கப்பூரில் அரிது. வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தனியாளாக ஆட விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன். அடிப்படை விதிகளைப் பெட்டியிலுள்ள கையேட்டில் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

வாங்கும்போது 2022இன் திருத்திய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டக்காரரின் சீட்டுகள் அதில் மும்மூன்றாக வருகின்றன; பழைய பெட்டியில் மிகத் தேவையானவை சில ஒன்றே ஒன்றுதான். சீட்டுகளுக்கு உறை போடாமல் ஆடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெறும் சீட்டு வளைந்துவிடும். பளபளக்கும் உறையைவிட மங்கிய உறையே எனக்குப் பிடிக்கும்: விளக்கொளி அடிக்காது, கலைக்கும்போது ஒட்டாது. மின்விசிறியைக் குறைத்து வையுங்கள்.

முதல் படி: மூன்று ஹீரோக்கள்

அரகோர்ன், தியோட்ரெட், ஏயோவின். மூவரின் அச்சுறுத்தல் எண்கள் 12, 8, 9. கூட்டினால் 29. அங்கிருந்துதான் தொடங்குவீர்கள், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒன்று ஏறும், 50ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

இவர்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டில் பயணத்துக்குப் போனவர் சாய்த்து வைக்கப்படுவார். அந்தச் சுற்றில் அவரால் தடுக்கவும் முடியாது, தாக்கவும் முடியாது. தனியாட்டத்தில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும். தியோட்ரெட் பயணத்தில் சேர்ந்தால், உடன் போகும் ஒரு ஹீரோவுக்கு ஒரு வள டோக்கன் (சீட்டுகளை இறக்கக் கொடுக்கும் பணம்) தரலாம். அரகோர்ன் பயணத்தில் சேர்ந்தபின் ஒரு டோக்கன் செலவழித்து மீண்டும் நிமிரலாம். முதலாமவர் தருகிறார், இரண்டாமவர் செலவழிக்கிறார். மூவரும் போனால் பயணத்தை நகர்த்தும் மனவுறுதி 7. ஆனாலும் அரகோர்ன் சண்டைக்குத் தயாராக நிற்கிறார்.

இரண்டாம் படி: ஐம்பது சீட்டு

குறைந்தது 50 சீட்டு வேண்டும். ஒரே பெயரில் மூன்றுக்கு மேல் கூடாது. நெடுநேரம் யோசிக்க வைத்தது இந்தப் படிதான். ஊதா நிறத் தலைமைச் சீட்டுகளுக்கு அரகோர்னும் தியோட்ரெட்டும் பணம் தருவார்கள். நீல நிறச் சீட்டுகளுக்கு ஏயோவின் ஒருத்திதான். சுற்றுக்கு ஒரு டோக்கன். நீலத்தைப் பாதிக்குப் பாதி சேர்த்தால் கையில் ஆறு நல்ல சீட்டை வைத்துக்கொண்டு ஒன்றையும் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். ஊதாவுக்கு இரண்டு பங்கு, நீலத்துக்கு ஒரு பங்குக்கும் குறைவு என்று வையுங்கள். எந்த நிறமும் சாராத கான்டால்ஃப் மூன்று. அவருக்கான 5 டோக்கனை மூவரிடமிருந்தும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இந்த நெருக்கடியைத் தளர்த்தும் சீட்டு செலப்ரியனின் கல். அரகோர்னுக்கு அணிவித்தால் மனவுறுதி இரண்டு கூடும். அவரும் நீலத்துக்குப் பணம் தரும் தகுதி பெறுவார். 'ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர்' சீட்டையும் அவருக்கே கொடுங்கள். சுற்றுக்கு இரண்டு டோக்கன் கூடுதலாக வரும். தொடக்கக் கையில் இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லையென்றால் யோசிக்காமல் ஆறையும் மாற்றுங்கள்.

நீலத்தில் தவறவிடக் கூடாதது 'ஏ டெஸ்ட் ஆஃப் வில்'. எதிர்ச் சீட்டைத் திறந்தவுடன் பாயும் கெடுதலை ரத்து செய்யும். அது கையில் இருக்கும்வரை ஏயோவினிடம் ஒரு டோக்கனை மிச்சம் வையுங்கள்.

கட்டை எழுதிப் பார்க்க ரிங்ஸ்டிபி இணையத்தளம் போதும், இலவசம். அச்சுறுத்தலைக் கணக்கிடப் பெட்டியோடு வரும் சக்கரத்தைவிடப் பத்து முகப் பகடை இரண்டையே நான் விரும்புகிறேன். கை பட்டுத் திரும்பிவிடாது.

மூன்றாம் படி: ஆட்டம்

முதலில் மிர்க்வுட் சாகசம். கட்டு ஓடுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். உண்மையான தேர்வு அடுத்ததான ஆண்டுயின் நதிப் பயணம். தொடக்கத்திலேயே ஒரு மலைப் பூதம் காத்திருக்கும்: தாக்குதல் 6, தற்காப்பு 3, உயிர் 9. உங்கள் அச்சுறுத்தல் 30ஐ எட்டியதும் அது உங்களைத் தேடி வரும். நீங்கள் தொடங்குவது 29இல். அதாவது, இரண்டாம் சுற்றிலேயே வந்து நிற்கும்.

அரகோர்ன் தடுத்தால் தற்காப்பு 2 போக 4 அடி விழும். அவர் உயிர் 5. பிழைப்பார், நிழல் சீட்டு (தாக்கும் எதிரிக்குக் கவிழ்த்துக் கொடுக்கப்படும் சீட்டு) கெடுக்காவிட்டால். அந்தக் கெடுதலை ரத்து செய்யத்தான் 'ஹேஸ்டி ஸ்ட்ரோக்'.

வீழ்த்தும் கணக்கு இது. 'ஸ்னீக் அட்டாக்' ஒரு டோக்கன். அதில் கான்டால்ஃபை இறக்கினால் வந்தவுடன் பூதத்துக்கு 4 அடி, தற்காப்பு கழியாது. பிறகு கான்டால்ஃப் 4, அரகோர்ன் 3, 'கார்ட் ஆஃப் த சிட்டடெல்' 1: மொத்தம் 8, தற்காப்பு 3 போக 5. நான்கும் ஐந்தும் ஒன்பது. கட்டம் முடிந்ததும் கான்டால்ஃப் கைக்கே திரும்புவார். ஆனால் தடுத்த அரகோர்ன் சாய்ந்திருப்பார். 'அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்' அவரிடம் இருந்தால்தான் அதே சுற்றில் தாக்க முடியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர், "ஒரு டோக்கன் விலையுள்ள ஸ்னோபோர்ன் ஸ்கவுட்டைத் தடுக்க நிறுத்தினோம், அச்சுறுத்தல் ஏறிவிட்டதே" என்று கேட்டார்கள். பூதத்தின் சீட்டை இறுதிவரை படியுங்கள்: தடுத்தவரின் உயிரை மிஞ்சிய அடி முழுவதும் உங்கள் அச்சுறுத்தலில் சேரும். ஸ்கவுட்டின் தற்காப்பு 1, உயிர் 1. ஆக நான்கு ஏறும். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தால் தாங்கலாம், நாற்பதைத் தாண்டியிருந்தால் அரகோர்னையே நிறுத்துங்கள்.

பெட்டியின் மூன்றாவது சாகசமான டோல் குல்டூரில் தொடக்கத்திலேயே ஒரு ஹீரோ சிறைப்படுவார். தனியாளுக்கு மீதி இருவர்தான். பெட்டிக்கு வெளியே வேறு சீட்டுகள் வாங்கும்வரை அதைத் தள்ளி வையுங்கள்.