டூப்ளிகாட்டி மூலம் பேக்கப் எடுப்பது எப்படி?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் வீட்டுக்குள் 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் புகுந்தபோது, கணினியும் அதன் பேக்கப் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையின் கீழ்த்தட்டில் சேர்ந்தே நனைந்தன. ஆகவே மென்பொருளை நிறுவுவதற்கு முன்பே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வெளியூர் உறவினர் வீட்டிலும் வைக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

டூப்ளிகாட்டி விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள். அது உலாவியில் இணையப் பக்கம்போலத் திறந்தாலும், ஓடுவது உங்கள் கணினியிலேயேதான். அதில் "ஆட் பேக்கப்" என்பதை அழுத்தினால் ஐந்து படிகள் வரும்.

முதற்படியில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். கோப்புகள் ஏஇஎஸ்-256 என்னும் குறியாக்க முறையில் பூட்டப்படுவதால், கடவுச்சொல்லை மறந்தால் எவராலும் அவற்றைத் திறக்க இயலாது. நான் அதை ரேஷன் கார்டு இருக்கும் கோப்பில் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் படியில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்புறையைக் காட்டுங்கள்.

மூன்றாம் படியில் சி டிரைவ் முழுவதையும் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும், அது வேண்டாம். ஆவணங்கள், படங்கள், கடை வைத்திருப்போர் எனில் கணக்கு மென்பொருளான டேலியின் தரவு இருக்கும் கோப்புறை ஆகியவை போதும். டேலி திறந்திருக்கும்போது எடுக்கும் நகல் அரைகுறையாக அமையக்கூடும் என்பதால், பேக்கப் ஓடும் நேரத்தைக் கேட்கும் நான்காம் படியில், கணக்கு எழுதி முடித்த பின், கணினியை அணைப்பதற்கு முந்தைய நேரமாகப் பார்த்துக் குறியுங்கள். ஐந்தாம் படியில் "ஸ்மார்ட் பேக்கப் ரிட்டென்ஷன்" என்பதைத் தேர்ந்தால், கடந்த 7 நாள்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று, 4 வாரங்களுக்கு வாரத்துக்கு ஒன்று, 12 மாதங்களுக்கு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பழைய நகல்கள் தங்கும்.

முதல் ஓட்டம் மணிக்கணக்கில் நீளலாம். அதன்பின் மாறிய பகுதிகள் மட்டுமே சேர்க்கப்படும். இரண்டாவது டிஸ்க்குக்கு இதேபோல் தனியாக ஒரு பேக்கப் அமையுங்கள்.

இனி சோதனை. மாத இறுதியில் வீட்டு டிஸ்க்கை வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்துவர நெய்வேலியிலுள்ள அக்கா வீட்டுக்குச் செல்லும்போது, அங்குள்ள மடிக்கணினியில் டூப்ளிகாட்டியைத் திறந்து, "ரிஸ்டோர்" பகுதியில் கொண்டுபோன டிஸ்க்கின் கோப்புறையைக் காட்டி, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து, ஒரு புகைப்படத்தையும் ஒரு எக்செல் கோப்பையும் மீட்டுத் திறந்து பார்க்கிறேன். இரண்டும் திறந்த பிறகே பழைய டிஸ்க்கைப் பைக்குள் வைப்பேன்.