கேதார்கந்தா குளிருக்கு ஜாக்கெட் வாங்குவது எப்படி? முதல்முறை பனிமலை ஏறுபவர்களுக்கு

ஒவ்வொரு நவம்பரிலும் நண்பர்கள் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "டிசம்பர்ல கேதார்கந்தா போறோம், என்ன ஜாக்கெட் வாங்கறது?" நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது உள்ளே பஞ்சுபோல பாலியஸ்டர் இழை வைத்துத் தைத்த, குளிருக்குப் போடும் மேலங்கியை. ஆங்கிலத்தில் இதை சிந்தெடிக் ஜாக்கெட் என்கிறார்கள். கடைக்காரர்கள் பேடிங் ஜாக்கெட் என்பார்கள்.

கேதார்கந்தா உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உச்சி சுமார் 3,800 மீட்டர். டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டியில் போய் சாங்க்ரி என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து நடக்க வேண்டும். பனியில் நடந்தே பழகாதவர்களும் போகக்கூடிய மலை என்பதால் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் முதல் பனிமலையாக இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். மற்ற மலைகளுக்கும் கணக்கு இதேதான்.

படி 1: எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள்

"எவ்வளவு குளிர்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, "அந்தக் குளிரில் நான் என்ன செய்துகொண்டிருப்பேன்?" என்பது.

ஏறும்போது உடம்பே அடுப்புபோல எரியும். மைனஸ் 5 டிகிரியில்கூட மெல்லிய பனியனும் ஃப்ளீஸும் (மெத்தென்ற பாலியஸ்டர் துணியில் தைத்த சட்டை) போதும் என்று தோன்றும். நின்றவுடன் ஐந்தே நிமிடத்தில் நிலைமை மாறிவிடும். பஞ்சு ஜாக்கெட் அந்த நேரத்துக்கானது. சாயங்காலம் கேம்பில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது, நடுராத்திரி டென்ட்டை விட்டு வெளியே போகும்போது, உச்சியில் சூரியன் வரும்வரை நிற்கும்போது அதைப் போட வேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். முதல் பயணத்தில் உச்சிக்குக் கிளம்பும் அதிகாலை மூன்று மணிக்கே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினேன். வழிகாட்டி கழற்றச் சொன்னார், கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் உள்ளே முதுகெல்லாம் வியர்வை. மேலே போய் நின்றபோது ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு காற்றில் நிற்பதுபோல இருந்தது. விடியலைப் பார்க்கப் போனவன் பல்லைக் கடித்துக்கொண்டு நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் நல்ல ஜாக்கெட்தான். போட்ட நேரம்தான் தப்பு.

இப்போது குளிரைக் கணக்கிடுவோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சாங்க்ரி சுமார் 1,950 மீட்டரில் இருக்கிறது. உச்சி அதைவிட 1,850 மீட்டர் மேலே. அதாவது சாங்க்ரியைவிட உச்சியில் ஏறக்குறைய 12 டிகிரி குறைவாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். ஊரில் 2 டிகிரி என்றால் மேலே மைனஸ் 10. இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போலத்தான் இருக்கும். உச்சியில் மரம், மறைவு எதுவும் கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

படி 2: கதகதப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அமுங்கிப் போன தலையணையை அம்மா வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் உப்பி வரும். பஞ்சின் அளவு மாறவில்லை, உள்ளே காற்று புகுந்திருக்கிறது. குளிர் ஜாக்கெட்டின் ரகசியமும் அதுதான். இழைகளுக்கு நடுவே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த உப்பல் போனால் கதகதப்பும் போகும்.

வாத்தின் மென்தூவி இந்த வேலையை எடைக்கு எடை மிக நன்றாகச் செய்யும். டவுன் ஜாக்கெட் என்பது அதுதான். ஆனால் நனைந்தால் தூவி கட்டிக்கட்டியாக ஒட்டி உப்பலை இழந்துவிடும். 1980களில் அமெரிக்க ராணுவம் ஈரத்திலும் சூடு காக்கும் ஒரு மாற்றைத் தேடியதிலிருந்துதான் ப்ரைமாலாஃப்ட் என்ற பாலியஸ்டர் பஞ்சு பிறந்தது. மெல்லிய பாலியஸ்டர் இழை தண்ணீரை உறிஞ்சாது. அதனால் நனைந்தாலும் ஓரளவு உப்பலோடு நிற்கும், சீக்கிரம் காயும். ஓரளவு என்பதைக் கவனியுங்கள். ஈர ஜாக்கெட் எதுவுமே காய்ந்த ஜாக்கெட் ஆகாது.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சிந்தெடிக்கையே சொல்வேன். காலையில் டென்ட்டின் உட்சுவரில் நம் மூச்சே நீராகப் படிந்து சொட்டும். பனியில் விழுந்து எழுவோம். வியர்வையை எப்படிக் கையாள்வது என்று இன்னும் பழகியிருக்க மாட்டோம். ஆக, ஈரம் எப்படியும் வரும். இன்னொரு காரணம் நம் ஊர். ட்ரெக் முடிந்து வந்தால் வருடத்தில் பதினொன்றரை மாதம் அந்த ஜாக்கெட் சென்னைப் புழுக்கத்தில் அலமாரிக்குள் கிடக்கப் போகிறது. தூவி சரியாகக் காயாவிட்டால் நாற்றம் பிடிக்கும், துவைத்துக் காய வைப்பதும் பெரிய வேலை. பாலியஸ்டரை வீட்டிலேயே துவைத்துக் கொடியில் போடலாம். பறவைத் தூவி வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் வழி.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அதே சூட்டுக்கு சிந்தெடிக் எடை கூடுதலாக இருக்கும், பையில் இடத்தையும் அடைக்கும். அழுத்தி அழுத்தி வைக்க, சில வருடங்களில் உப்பல் குறையும்.

படி 3: ஜிஎஸ்எம் பாருங்கள்

திருப்பூர்க்காரர்களுக்கு ஜிஎஸ்எம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பனியன் துணியை அவர்கள் அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்: ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று. ஜாக்கெட்டில் நாம் பார்க்க வேண்டியது உள்ளே வைத்த பஞ்சின் ஜிஎஸ்எம். வெளித்துணியின் எடையோ, மொத்த ஜாக்கெட்டின் எடையோ அல்ல.

இதற்கு நான் பின்பற்றும் கணக்கு இது. 60 ஜிஎஸ்எம் பேடிங் ஊட்டி, மூணாறு குளிருக்கும், இமயமலையில் மெதுவாக நடக்கும்போது போடவும் சரி. 100 என்றால், உள்ளே நல்ல ஃப்ளீஸ் இருக்கும் பட்சத்தில், பூஜ்யத்தை ஒட்டிய கேம்ப் சாயங்காலங்களைச் சமாளிக்கலாம். டிசம்பர், ஜனவரி கேதார்கந்தாவுக்கு 130க்கு மேல், முடிந்தால் 170 வரை பாருங்கள். குளிர் தாங்கும் உடம்பு ஒருவருக்கொருவர் மாறும். வீட்டில் ஃபேனையே ஒன்றில் வைப்பவர் என்றால் ஒரு படி மேலே எடுங்கள்.

பல ஜாக்கெட்டுகளில் உடம்புப் பகுதிக்கு ஓர் எண்ணும் கைக்கு அதைவிடக் குறைந்த ஓர் எண்ணும் இருக்கும். கை அசைய வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள், அது குறை இல்லை. ஜிஎஸ்எம் எண் பெரும்பாலும் டேக்கில் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால், ஒரே ரகத்தில் இரண்டு ஜாக்கெட்டை எடுத்து விரலுக்கிடையே பிடித்துத் தடிமனை ஒப்பிட்டுப் பாருங்கள். உப்பல் அதிகம் உள்ளதை எடுங்கள்.

சரி, டேக்கில் "மைனஸ் 10 டிகிரி" என்று போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா? ஒரே நிறுவனத்தின் இரண்டு ஜாக்கெட்டை ஒப்பிட அது உதவும். வேறு வேறு நிறுவனங்களை ஒப்பிட உதவாது. ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு பொதுவான சோதனை முறை இருக்கிறது. ட்ரெக்கிங் ஜாக்கெட்டில் பெரும்பாலும் அவரவர் கணக்குதான். அந்த எண் நடப்பவருக்கா நிற்பவருக்கா, உள்ளே என்ன போட்டிருப்பதாக வைத்துக்கொண்டார்கள் என்று படித்துப் பாருங்கள்.

படி 4: கடையில் கையில் எடுத்துச் சோதியுங்கள்

முதலில் உள்பக்க லேபிள். ஃபில் என்ற இடத்தில் 100 சதவீதம் பாலியஸ்டர் என்று இருந்தால் சிந்தெடிக். டவுன், ஃபெதர் என்று இருந்தால் தூவியும் இறகும்.

பிறகு ஜாக்கெட்டை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கிப் பிடித்து விடுங்கள். சட்டென்று எழும்பி வர வேண்டும். துவண்டு கிடந்தால் வைத்துவிடுங்கள். வெளிர் நிறம் என்றால் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கலாம். பஞ்சு ஒதுங்கி வெறுமையான இடங்கள் தெரியும். தோள்பட்டையையும் முழங்கையையும் தடவிப் பாருங்கள், மெலிவு அங்கேதான் முதலில் வரும்.

தையலையும் பாருங்கள். ஊசி உள்ளும் புறமும் துளைத்துப் போன கோட்டில் பஞ்சு நசுங்கியிருக்கும். அந்தக் கோடு வழியாகச் சூடு வெளியேறும். தூவி ஓரிடத்தில் நிற்காது என்பதால் அதற்கு நெருக்கமான அறைகள் தேவை. விரிப்புபோல வரும் பாலியஸ்டர் பஞ்சுக்கு அவ்வளவு தையல் தேவையில்லை. அழகுக்காகக் குறுக்கும் நெடுக்கும் தைத்ததைவிட, தையல் குறைந்ததே கதகதப்பானது.

கடைசியாக, வெளித்துணியில் வாயை வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்று தாராளமாகப் பட்டால் உச்சிக் காற்றும் அப்படியே உள்ளே வரும். மேலே ரெயின் ஜாக்கெட் போடப் போகிறீர்கள் என்றால் இதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடும் பூச்சு இருந்தால் நல்லது. ஆனால் அதை மழைக்கோட்டாக நினைக்காதீர்கள். மழைக்கும் ஈரப்பனிக்கும் தனி ஷெல், அதாவது தண்ணீர் புகாத வெளியங்கி, வேண்டும்.

படி 5: போட்டுப் பாருங்கள், ஆனால் பனியனோடு அல்ல

சென்னைக் கடையில் வியர்க்க வியர்க்க டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டுப் பார்த்து "கச்சிதமா இருக்கு" என்று வாங்கி வந்துவிடுகிறோம். மலையில் உள்ளே உள்பனியனும் ஃப்ளீஸும் இருக்கும். அப்போது அது இறுகும், இறுகினால் பஞ்சு நசுங்கும், உப்பல் போகும். அதனால் கடைக்கு உங்கள் ஃப்ளீஸைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை முழுக்க ஏற்றுங்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், இடுப்பு தெரியக் கூடாது. ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனியுங்கள், முதுகு தெரியக் கூடாது. கைகளை முன்னே கட்டிக்கொண்டால் தோளில் பிடிக்கக் கூடாது. அதே சமயம் தொளதொளவென்றும் வேண்டாம். அசையும்போதெல்லாம் அடிவழியாகச் சூடான காற்று வெளியே போய்விடும். கீழ் விளிம்பில் இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் இதைச் சரிசெய்யலாம்.

படி 6: சின்னச் சின்ன விஷயங்கள்

ஹூட் கட்டாயம் வேண்டும். கழுத்துக்குப் பின்னால் காற்று புகுந்தால் எவ்வளவு ஜிஎஸ்எம் இருந்தும் பிரயோசனம் இல்லை. ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டித் துணி ஓட வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சுக்கு நேராகக் காற்று வரும். கையுறை போட்டுக்கொண்டே ஜிப்பை இழுத்துப் பாருங்கள். உள்பாக்கெட் பெரிதாக இருந்தால் நல்லது. குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், அதை உடம்போடு வைத்துக்கொள்ளலாம், ஈரக் கையுறையையும் அங்கே வைக்கலாம்.

படி 7: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் என்றால் வாடகைக்கு எடுங்கள். சாங்க்ரியிலேயே கிடைக்கும். ஆனால் பல பேர் போட்டு உப்பல் போனதும் வரும், அதனால் படி 4-ஐ அங்கேயும் செய்து பாருங்கள். டிசம்பர் கடைசியில் கூட்டம் அதிகம், உங்கள் அளவு கிடைக்காமல் போகலாம். ஊட்டித் திபெத்தியர் கடைகளில் கிடைக்கும் கம்பளி, அக்ரிலிக் ஸ்வெட்டர்கள் உள்ளே போட நல்லவை. காற்றைத் தடுக்காது என்பதால் ஜாக்கெட்டுக்குப் பதிலாக அவற்றை நம்ப வேண்டாம்.

படி 8: கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

முடிந்தால் டிசம்பர் தொடக்கத்தில் ஓர் அதிகாலை நீலகிரியில் இதைச் சோதித்துப் பாருங்கள். ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலை கிடைத்தால் இன்னும் நல்லது. ஃப்ளீஸுக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, நடக்காமல், அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். அங்கேயே நடுங்கினால் கேதார்கந்தாவில் அது போதாது. அதிகமான ஜிஎஸ்எம் வாங்க வேண்டும், அல்லது உள்ளே இன்னொரு லேயர் சேர்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், அதுவரை டேக்கைக் கிழிக்காதீர்கள்.

மலையில் இப்படிப் பழகுங்கள்: கிளம்பும்போது கழற்றிப் பையின் மேல்பகுதியில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்றால், குளிர் தெரியும் முன்பே எடுத்துப் போடுங்கள். திரும்பி வந்ததும் மிதமான சோப்பு நீரில் அலசி, கம்ஃபர்ட் போன்ற எதையும் சேர்க்காமல், நிழலில் நன்றாகக் காய வையுங்கள். இஸ்திரி போடவே கூடாது. அதோடு வந்த சின்னப் பைக்குள் திணித்துப் பரணில் போட்டுவிடாமல், அலமாரியில் ஹாங்கரில் தளர்வாகத் தொங்க விடுங்கள்.