கோலா உருண்டைக் கையோடு பர்கர் சுடாதீர்கள்

வைகைக் கரையோரம் சாயங்காலத்தில் புதிதாகப் பர்கர் வண்டி போடுகிறவர்களைக் கவனித்தால், ஆளுக்கு ஆள் மாறாமல் அதே தப்புகள்தான். கல் காயுமுன் கறியைப் போடுவது, பன்னைக் கருகவிடுவது போன்றவை நாலு நாளில் தானே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம். மாதக்கணக்கில் திருந்தாமல் காசைத் தின்கிற தப்புகள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் ஆட்டுக்கறி பர்கருக்கு.

கறியைப் பிசைவது

மதுரைக்காரர் கையில் கொத்துக்கறியைக் கொடுத்தால் கை தானாகக் கோலா உருண்டைக்குப் போய்விடுகிறது. உப்பு, மஞ்சள்தூள், சோம்பு, இஞ்சி பூண்டு விழுது, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கைநிறையப் பொட்டுக்கடலை மாவு. எல்லாவற்றையும் கொட்டி மெத்தென்று வரும்வரை பிசைந்து, மத்தியானமே தட்டி அடுக்கிவிடுகிறார்கள். கோலாவுக்கு அது சரியான முறை. எண்ணெயில் முழுகிப் பொரிகிற உருண்டை உடையக்கூடாது, அதற்காகத்தான் அந்தப் பிசைச்சலும் பொட்டுக்கடலையும். பர்கர் பேட்டி, அதாவது பன்னுக்குள் வைக்கிற கறி வட்டு, இதற்கு நேர்மாறு. பன்னுக்குள் நிற்கிற அளவுக்குச் சேர்ந்திருந்து, கடித்தால் உதிர்ந்து சாறு விடவேண்டும்.

என்ன நடக்கிறது என்றால், கறியில் மயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உப்பில் கரையும். கரைந்ததைப் பிசையப் பிசைய, துணுக்குகள் ஒன்றோடொன்று பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். கல்லில் சூடு பட்டதும் அந்தப் பசை இறுகிவிடும். சாசேஜ் செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்கிற வேலை இது. பர்கரில் செய்தால் பேட்டி ரப்பராகிவிடும்.

கைச்சூடு இன்னொரு கெடுதல். கொழுப்பு தனித்தனித் துணுக்காகக் குளிர்ந்து நின்றால்தான் கல்லில் உருகிக் கறிக்குச் சாறாகும். பிசைந்தால் முன்னாலேயே இளகிக் கறி முழுக்கப் பூசிக்கொள்ளும், பாதி உங்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வீணாகும். வெங்காயமோ உப்புப் பட்டதும் நீர் விடும். அந்த நீர் வற்றும்வரை கறியின் அடிப்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே கறி முறுகாமல் வெந்து வெளுத்துக் கிடக்கும். மிச்சமிருக்கிற சாற்றைப் பொட்டுக்கடலை மாவு குடித்துவிடும்.

எரிச்சல் வருவது இதற்கு அப்புறம்தான். வாங்கினவர் பாதி தின்று வைத்துவிட்டுப் போனதும், வண்டிக்காரர் பழியைக் கறிக்கடையில் போடுகிறார்: "பாய் முத்தல் கறியத் தள்ளிவிட்டுட்டாரு." கடையை மாற்றுகிறார், அங்கேயும் அதே ரப்பர். உடனே யாரோ சொன்னார்கள் என்று பப்பாளிக்காய் விழுதைக் கலக்கிறார். கொத்துக்கறியில் பப்பாளி எல்லாப் பக்கமும் பட்டுவிடுவதால் ஒரு மணி நேரத்தில் கறி கூழாகிவிடும். அதைக் கெட்டிப்படுத்த மறுபடி பொட்டுக்கடலை! ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு இப்படி இரண்டு கிலோவைத் தொலைத்தால் அந்த வாரம் நட்டம்தான்.

சரியான முறையில் வேலை குறைவு. கறியைச் சின்னத் துண்டுகளாக்கி, ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்து, கறி அரைக்கிற மெஷினில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளையுள்ள தட்டைப் போட்டு ஒரே தடவை அரைக்கவேண்டும். மெஷின் இல்லையா, கத்தியால் கைக்கொத்துப் போடச் சொல்லுங்கள். மிக்ஸி வேண்டாம், விழுதாகிவிடும். 120 கிராம் அள்ளி, அழுத்தாமல் திரட்டி, வட்டமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி வைக்கவேண்டும். குழி இல்லாவிட்டால் ஓரம் சுருங்கும்போது நடு உப்பிக்கொள்ளும். கலக்க ஒன்றுமில்லை. பிறகு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். உப்பும் மிளகுத்தூளும் கல்லில் போடுகிற நொடியில், மேலாக மட்டும். 120 கிராம் பேட்டிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு கிராம் உப்பு, கொஞ்சம் கூடப் போகலாம். இஞ்சி பூண்டு மணம் வேண்டுமானால் பன்னில் தடவுகிற வெண்ணெயில் சேருங்கள்.

கொழுப்பைக் கழித்து வாங்குவது

"கொழுப்பில்லாமப் போடுங்க" என்று சுக்காவுக்குக் கேட்கிற மாதிரி கேட்காதீர்கள். நம்மூர் வெள்ளாடு ஏற்கெனவே மெலிந்த கறி. 800 கிராம் தொடையும் முன்சப்பையும், 200 கிராம் நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்பும் சேர்ந்தால் ஒரு கிலோ. குண்டிக்காயைச் சுற்றியிருக்கிற கெட்டிக் கொழுப்பு வேண்டாம், கவிச்சி தூக்கும்.

பன் அளவுக்கே பேட்டி தட்டுவது

வெந்தால் சுருங்கும். 10 சென்டிமீட்டர் பன்னுக்கு 12 சென்டிமீட்டர் பேட்டி.

கரண்டியால் அமுக்குவது

புரோட்டாக் கல்லில் பழகின கைக்கு எதைக் கண்டாலும் தோசைக்கரண்டியால் அமுக்கத் தோன்றும். அமுக்கும்போது கேட்கிற 'சொய்ங்' சத்தம் சாறு வெளியேறுகிற சத்தம். தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக ஓடி மறைகிற சூட்டில் பேட்டியைப் போட்டு, 3 நிமிடம் தொடாமல் விட்டு, ஒரே தடவை புரட்டி, இன்னொரு 3 நிமிடம். சீஸ் வைப்பதானால் கடைசி அரை நிமிடத்தில் வைத்து மூடிவிடவேண்டும். மெல்லிசாக நசுக்கிச் சுடுகிற வகை வேறு. அதில்கூட, கல்லில் போட்ட முதல் அரை நிமிடத்துக்குள், கொழுப்பு உருகுவதற்கு முன், ஒரே ஒரு அமுக்குதான்.

உள்ளே சிவப்பாக விடுவது

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு நடுவில் ரத்தச் சிவப்பு தெரிய எடுக்கிறார்கள். முழுத் துண்டு கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும். கொத்தியபின் அது உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடும். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட்டாகவேண்டும். கம்பி வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் சந்தேகமே இல்லை.

மயோனைஸ்

பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. காரணம் சால்மோனெல்லா மாதிரியான கிருமிகள். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முட்டையில்லாத வகைக்கே போய்விடுங்கள். நம் வெயிலில் வண்டிமேல் திறந்து கிடக்கிற கிண்ணத்துக்கு அதுவும் தாங்காது, ஐஸ் பெட்டிக்குள் இருக்கட்டும்.

பன்னும் தக்காளியும்

பேக்கரியில் பர்கருக்கென்று சொல்லி, இனிப்புக் குறைத்துப் போடச் சொல்லவேண்டும். வெட்டின பக்கத்தை வெண்ணெய் தடவிப் பொன்னிறமாகச் சுட்டால்தான் சாற்றில் ஊறித் தொய்யாது. நாட்டுத் தக்காளி ரசத்துக்கு. இங்கே கெட்டியான பெங்களூர்த் தக்காளியை அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, உப்புத் தூவி 5 நிமிடம் வைத்து, துணியில் ஒற்றி எடுக்கவும்.

சால்னா

ஊற்றாதீர்கள்.

ஆறவிட்டுத் தின்பது

இது வாங்குகிறவர் தப்பு. ஆட்டுக்கொழுப்பு நம் உடம்புச் சூட்டில் உருகாது, 40 டிகிரிக்கு மேல்தான் இளகும். ஆற்றுக் காற்றில் படம் எடுத்து முடிப்பதற்குள் ஆறிவிட்டால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். கூடவே ஜிகர்தண்டா குடித்தால் இன்னும் மோசம், அதைக் கால் மணி நேரம் கழித்து வைத்துக்கொண்டு இப்போது சூடாக லெமன் டீ சொல்லுங்கள். பாதிவரை காகிதம் சுற்றி, அடிப்பன் மேலே வரும்படி கவிழ்த்துப் பிடித்தால் ஒழுகுவது குறையும். சாறு இறங்கித் தொய்ந்த அடிப்பன்னைவிட மேல்பன் கனம். பார்சல் கேட்கிறவருக்கு டப்பாவின் மூடியில் இரண்டு துளை போட்டு, தக்காளியையும் வெங்காயத்தையும் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். துளையில்லாத டப்பாவில் ஆவி தங்கி, வீடு போவதற்குள் பன் கஞ்சியாகிவிடும்.