அமெரிக்க இரவுநேர நகைச்சுவைத் தொகுப்பாளர் ஆவதற்கான வழி

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரவு பதினொன்றரை மணிக்கு மேல் மேசைக்குப் பின்னால் அமர்ந்து அன்றைய செய்திகளைக் கிண்டல் செய்யும் தொகுப்பாளர் வேலைக்கு எவரும் விண்ணப்பம் போட்டுச் சேர்ந்ததில்லை. 1954 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கிய ‘டுநைட் ஷோ’வின் முதன்மைத் தொகுப்பாளர்கள் என்று ஸ்டீவ் ஆலன், ஜாக் பார், ஜானி கார்சன், ஜே லெனோ, கோனன் ஓ’பிரையன், ஜிம்மி ஃபாலன் ஆகிய ஆறு பேரைத்தான் சொல்ல முடியும், அவர்களிலும் கார்சன் ஒருவரே 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தார். இவ்வளவு அரிதாகக் காலியாகும் நாற்காலிக்காகக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதற்கு மாறாக, இத்தகைய நிகழ்ச்சிகளுக்குத் துணுக்குகள் எழுதும் குழு கூடும் எழுத்தாளர் அறையை இலக்காக வைத்துக்கொள்பவருக்குத் தெளிவான வழி உண்டு. அந்த அறையிலிருந்து நாற்காலிவரை போனவர்களும் உண்டு.

இதுவரை வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கார்சன் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் தம் பட்டப்படிப்பு ஆய்வேட்டையே நகைச்சுவை எழுதும் முறை பற்றித்தான் எழுதினார். பிறகு ஒமாஹா வானொலியில் பேசினார். நகைச்சுவை நடிகர் ரெட் ஸ்கெல்டனுக்கு எழுதிக் கொடுத்தார். 1954இல் ஸ்கெல்டன் காயமடைந்தபோது கடைசி நேரத்தில் அவருக்குப் பதிலாக மேடையேறினார். அதன் பிறகும் ஐந்து ஆண்டுகள் பகல்நேர வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். டேவிட் லெட்டர்மன் இண்டியானாபொலிஸ் தொலைக்காட்சியில் வானிலை வாசித்தவர். ஜிம்மி கிம்மல் வானொலிக்காரர். ஸ்டீபன் கோல்பேரும் செத் மையர்ஸும் ஒத்திகையின்றி அந்தந்தக் கணத்தில் காட்சியை உருவாக்கும் ‘இம்ப்ரோவ்’ மேடைகளில் வளர்ந்தவர்கள். ஜான் ஸ்டூவர்ட், ட்ரெவர் நோவா இருவரும் தனிநபர் மேடை நகைச்சுவையிலிருந்து வந்தார்கள். வழிகள் வேறுபட்டாலும், இவர்கள் எல்லோரும் புகழ் வருவதற்கு முன்பே, குறித்த நேரத்துக்குள் எதையாவது சொல்லியே ஆக வேண்டிய ஒரு வேலையில் பல ஆண்டுகள் இருந்தார்கள்.

ஆகவே அப்படிப்பட்ட ஒரு வேலையைத் தேடிக்கொள்வதே முதற்படி. உள்ளூர் வானொலி, பாட்காஸ்ட், கல்லூரி இதழ், வாரந்தோறும் நடக்கும் மேடை நிகழ்ச்சி என எதுவானாலும் சரி, கெடு இருக்க வேண்டும். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில் ஏதேனும் ஒன்றில் வாழ முடிந்தால் நல்லது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசக்கூடிய ‘ஓபன் மைக்’ மேடைகள் அங்கே ஏராளம். ஒவ்வொரு முறையும் தம் பேச்சை ஒலிப்பதிவு செய்து, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் வரவில்லை என்பதை மறுநாள் கேட்டுக் குறித்துக்கொண்டு, எந்த அரங்கிலும் பலிக்கக்கூடிய ஐந்து நிமிடப் பேச்சை உருவாக்கும்வரை விடாமல் திருத்த வேண்டும். இம்ப்ரோவ் வகுப்பிலும் சேர வேண்டும் என்பேன். மேடைப் பேச்சு தொடக்கப் பத்து நிமிடங்களுக்கு உதவும். நிகழ்ச்சியின் பெரும்பகுதியோ விருந்தினர் சொல்வதைக் கவனித்துக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த வரியை எடுக்கும் திறமையை நம்பியிருக்கிறது. சிகாகோவில் 1959இல் தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ போன்ற அரங்குகள் கற்றுத் தருவது அதைத்தான்.

மேடையோடு எழுத்தும் நடக்க வேண்டும், நாள்தோறும். காலையில் செய்தித்தாளைப் படித்து, பத்து செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றையும் கேலியே இல்லாத ஒரே வாக்கியமாக முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். செய்தியை அறியாதவருக்கும் அந்த ஒரு வாக்கியத்திலேயே விஷயம் புரிய வேண்டும். புரியவில்லையென்றால் அடுத்து வரும் வரி எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் அரங்கம் சிரிக்காது. பின்பு அந்தச் செய்தியில் யாருக்கு என்ன வேண்டும், யார் எதை மறைக்கிறார்கள், இதே வேளையில் வேறு எங்கோ நடக்கும் எதனோடு இது உரசுகிறது என்று கேட்டுக்கொண்டு இரண்டாம் வரியை எழுத வேண்டும். முதலில் தோன்றும் வரியை அடித்துவிடுவது உத்தமம், ஏனெனில் அதே வரி அந்த நகரத்திலுள்ள மற்ற எழுத்தாளர்களுக்கும் தோன்றியிருக்கும். எழுதியதை அன்றிரவே அந்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தாம் எந்த அளவில் இருக்கிறோம் என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

அடுத்து மாதிரி எழுத்துத் தொகுப்பு. ‘பாக்கெட்’ என்று அந்தத் தொழிலில் அழைக்கப்படும் இதில், அன்றைய செய்தியை வைத்து எழுதிய தொடக்க உரைத் துணுக்குகளும், தொகுப்பாளர் மேசையிலிருந்தபடி செய்யும் பகுதிகளும், வாரந்தோறும் திரும்ப வரக்கூடிய புதிய பகுதிகளுக்கான யோசனைகளும் இருக்கும். பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஏஜென்ட் வழியாகவே இவற்றைக் கேட்கின்றன. அவகாசமும் சில நாட்களுக்கு மேல் கிடைப்பதில்லை. தம் குரலை மறந்து அந்தத் தொகுப்பாளரின் குரலில் எழுத வேண்டும் என்பதே இங்கே பலர் தவறவிடும் விஷயம். கோல்பேருக்காக எழுதிய துணுக்கை அப்படியே ஃபாலனுக்கு அனுப்பினால், எழுதியவர் இரண்டு நிகழ்ச்சிகளையும் கவனித்துப் பார்க்கவில்லை என்பது முதல் பக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

அறைக்குள் இடம் கிடைத்தால், அங்கே வேலை நடக்கும் விதம் முதலில் மிரள வைக்கும். காலையில் கூட்டம், மதியத்துக்குள் குவியல் குவியலாகத் துணுக்குகள், பிற்பகலில் ஒத்திகை, மாலையில் பார்வையாளர் முன்னிலையில் ஒளிப்பதிவு, இரவில் ஒளிபரப்பு என்று ஒரே நாளில் எல்லாம் முடிந்து, மறுநாள் வெறும் தாளிலிருந்து மீண்டும் தொடங்கும். எழுதியவற்றில் மிகப் பெரும்பகுதி குப்பைக்கே போகும். தம் வரி நிராகரிக்கப்பட்டதற்காக முகம் வாடுபவரை அந்த அறை நெடுநாள் வைத்துக்கொள்ளாது. ஒப்பந்தங்களும் பெரும்பாலும் 13 வாரச் சுற்றுகளாகவே நீளும். ஊதியமும் பாதுகாப்பும் எழுத்தாளர் சங்கத்தின் பேரத்தால் வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. 2023 மே மாதம் அச்சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது முதலில் நின்றவை இந்த இரவுநேர நிகழ்ச்சிகளே.

கேமராவுக்கு முன் வரும் வாய்ப்பு இந்த அறையிலிருந்துதான் பிறக்கிறது. ஆம்பர் ரஃபின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நாடக நிகழ்ச்சிக்கான நடிகர் தேர்வில் எடுபடவில்லை. 2014இல் மையர்ஸ் தம் இரவுநேர நிகழ்ச்சிக்கு அவரை எழுத்தாளராகச் சேர்த்துக்கொண்டார். தாம் எழுதிய பகுதிகளில் தாமே தோன்றத் தொடங்கிய அவர், 2020இல் தம் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியை நடத்தினார். ஜான் ஆலிவர் ஸ்டூவர்ட் நடத்திய ‘டெய்லி ஷோ’ என்ற செய்திக் கேலி நிகழ்ச்சியில் நிருபராகவும் எழுத்தாளராகவும் ஏழு ஆண்டுகள் இருந்தபின், 2013 கோடையில் ஸ்டூவர்ட் விடுப்பில் சென்றபோது எட்டு வார நிகழ்ச்சிகளுக்கு அவருடைய இடத்தில் அமர்ந்தார், மறு ஆண்டே எச்.பி.ஓ. நிறுவனம் அவருக்குத் தனி நிகழ்ச்சியைத் தந்தது. அடுத்தவர் இல்லாத நாளில் இடத்தை நிரப்பத் தயாராக இருப்பதைவிட நல்ல தேர்வு இந்தத் தொழிலில் கிடையாது.

நாற்காலி கிடைத்த பிறகு வரும் சிக்கல்களையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 1993இல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸ் என்.பி.சி.யின் ‘லேட் நைட்’ நிகழ்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தபோது ஓ’பிரையன் பொதுமக்கள் அறியாத எழுத்தாளர். விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள், நிறுவனமும் நெடுங்கால உறுதி தராமல் சிறு சிறு நீட்டிப்புகளையே கொடுத்தது. ஆனாலும் அந்த நிகழ்ச்சி பதினாறு ஆண்டுகள் ஓடியது. அது தொடங்கிய அதே 1993 செப்டம்பரில் வேறொரு நிறுவனத்தில் தொடங்கிய செவி சேஸின் நிகழ்ச்சி, அவர் பெரிய திரை நட்சத்திரமாக இருந்தும், சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டது. ஜோன் ரிவர்ஸின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1983 முதல் கார்சனின் நிரந்தர மாற்றுத் தொகுப்பாளராக இருந்த அவர், 1986இல் ஃபாக்ஸ் நிறுவனத்தில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார். கார்சன் அதன்பின் அவரோடு பேசவேயில்லை, ஃபாக்ஸும் மறு ஆண்டே அவரை விலக்கிவிட்டது. வேறு வாய்ப்பைத் தேடிப் போவது தவறன்று. வளர்த்துவிட்டவர் அந்தச் செய்தியை மற்றவர் வாயிலிருந்து கேட்கும்படி விடக் கூடாது.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்பதற்கும் ஓ’பிரையனே சாட்சி. 2010இல் என்.பி.சி. லெனோவை மீண்டும் 11.35 மணிக்குக் கொண்டுவந்து, அப்போது ஓ’பிரையன் நடத்திவந்த ‘டுநைட் ஷோ’வை நள்ளிரவுக்குப் பின் தள்ள முயன்றது. அதை ஏற்க மறுத்து, தமக்கும் தம் ஊழியர்களுக்குமாகச் சுமார் 4.5 கோடி டாலர் இழப்பீடு பெற்றுக்கொண்டு அவர் வெளியேறினார். ஒளிபரப்பு நேரம், ஊழியர்களின் பாதுகாப்பு, விலகினால் எத்தனை மாதம் வேறு திரையில் தோன்றக் கூடாது என்ற மூன்றையும் வழக்கறிஞர் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

இன்று நாற்காலிகளின் எண்ணிக்கையே குறைந்துவருகிறது. 2023இல் ஜேம்ஸ் கோர்டன் விலகியதும் சி.பி.எஸ். நிறுவனம் அவர் நடத்திய ‘லேட் லேட் ஷோ’வை மூடியது, 2024இல் ஃபாலனின் நிகழ்ச்சி வாரம் நான்கு இரவாகச் சுருங்கியது, மையர்ஸின் நிகழ்ச்சி தன் இசைக்குழுவை இழந்தது, 2025 ஜூலையில், கோல்பேர் நடத்திவந்த ‘லேட் ஷோ’வை 2026 மே மாதத்தோடு முடித்துக்கொள்வதாக சி.பி.எஸ். அறிவித்தது. ஆகவே தொடக்கத்திலிருந்தே தமக்கென ஒரு நேயர் கூட்டத்தைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்வது இன்றியமையாதது. ஓ’பிரையன் 2018இல் தொடங்கிய பாட்காஸ்ட், அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சி 2021இல் முடிந்த பின்னும் தொடர்ந்தது.

அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர் விசாவையும் கணக்கில் கொள்ள வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் அந்த விசாவுக்கு மனுச் செய்த நிறுவனத்துக்கு வெளியே கூலி வாங்கிக்கொண்டு மேடையேற முடியாது. கலைஞர்கள் பொதுவாக நாடுவது ஓ-1 விசா; அதற்கு அமெரிக்க நிறுவனமோ ஏஜென்ட்டோ மனுச் செய்ய வேண்டும், விண்ணப்பிப்பவர் தம் துறையில் சிறந்தவர் என்பதற்கான ஆவணங்களும் வேண்டும். நிகழ்ச்சி விளம்பரங்கள், பத்திரிகை விமர்சனங்கள், ஒப்பந்தங்கள், பரிசுச் சான்றுகள் ஆகியவற்றை முதல் மேடையிலிருந்தே தேதியோடு கோப்பில் சேர்த்து வைத்தால், மனுவைத் தயாரிக்கும் வழக்கறிஞருக்கு அவை அப்படியே பயன்படும்.